ஆடம்ஸ் காப்பாற்றியவர்களும் மற்றவர்களும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க வக்கீல் ஜான் ஆடம்ஸின் வாழ்க்கையைப் படித்தேன். 1770இல், பிரிட்டிஷ் காலனி ஊரான பாஸ்டனில் கூட்டத்தைச் சுட்ட பிரிட்டிஷ் சிப்பாய்களுக்காக, ஊர்க் கோபத்துக்கு நடுவே வாதாடினாரே! நான் ஜூனியர் வக்கீல். ஊரே வெறுக்கும் ஒருவரின் கொலை வழக்கு என்னிடம் வந்திருக்கிறது. எடுத்தால் என் அரசியல் ஆசை அவ்வளவுதானா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

அரசியல் பயத்தை விடுங்கள். விசாரணைக்கு முன்பே, அந்த ஜூன் மாதத்திலேயே, ஆடம்ஸைச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுத்தது அதே பாஸ்டன்தான். பிற்பாடு அமெரிக்க ஜனாதிபதியும் ஆனார்.

என்னை உறுத்துவது வேறு. செத்த ஐந்து பேரில் ஒருவர் பெயர்கூட உங்கள் கடிதத்தில் இல்லையே தம்பி! சாமுவேல் மேவரிக்குக்கு 17 வயது. கிறிஸ்பஸ் அட்டக்ஸ், ஆப்பிரிக்க, பூர்வகுடி வம்சத்து மாலுமி. அவரைப் பார்த்தாலே யாருக்கும் குலை நடுங்கும் என்று ஜூரியிடம் சொன்னார் ஆடம்ஸ். கல்லும் பனிக்கட்டியும் எறிந்த கூட்டம் சிப்பாய்களை மிரட்டியது உண்மை. அதைச் சொன்னால் போதாதா? தோற்றத்தை ஏன் இழுக்க வேண்டும்?

பாட்ரிக் கார் கதை இன்னும் கொடுமை. குண்டடிபட்டு ஒன்பது நாள் கிடந்து இறந்த அயர்லாந்துக்காரர். சிப்பாய்கள் தற்காப்புக்குத்தான் சுட்டார்கள், சுட்டவன்மேல் எனக்குக் கோபமில்லை என்று டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செத்தார். அந்த வார்த்தை ஆடம்ஸ் தரப்புக்குப் பெரிய பலம். அதே ஆடம்ஸ், அயர்லாந்திலிருந்து ஒரு காரும் ஃப்ரேமிங்ஹாமிலிருந்து ஒரு அட்டக்ஸும் வந்து செய்த வேலைக்கு ஊர்மேல் பழியா என்று கேட்டார். ஃப்ரேமிங்ஹாமும் பாஸ்டன் இருக்கும் அதே காலனிதான், பாஸ்டனிலிருந்து முப்பது கிலோமீட்டர் இருக்கும்! சிப்பாய்களையும் காப்பாற்றியாயிற்று, பாஸ்டனையும் காப்பாற்றியாயிற்று. பழியைச் சுமக்க, எழுந்து பதில் சொல்ல முடியாத இரண்டு வெளியாட்கள். எட்டுச் சிப்பாய்களில் ஆறு பேர் விடுதலை. இரண்டு பேருக்குத் தண்டனையாகக் கட்டைவிரலில் சூடு போட்டார்கள்.

என் சித்தப்பா மில்லில் இறந்த வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் அவரைக் குடிகாரர் என்றார். சித்தப்பா குடித்ததே இல்லை. சித்தி பின்பெஞ்சில் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சிப்பாய்களுக்கு வக்கீல் வேண்டும் என்று ஆடம்ஸ் முன்வந்தது பெரிய காரியம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நீங்களும் வக்காலத்து போடுங்கள். கட்சிக்காரருக்காக முழுமூச்சாக வாதாடுங்கள். ஆனால் கேஸ் கட்டில் இறந்தவரைப் பற்றி இருப்பதையும் ஒரு வரி விடாமல் படியுங்கள். அப்புறம் அவர் யார், என்ன வேலை பார்த்தார் என்று எனக்கு எழுதுங்கள்.