எம்டன் கப்பல் பத்தி கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

முதல் உலகப் போர்ல மெட்ராஸைத் தாக்கின ஜெர்மன் போர்க்கப்பல்தான் எம்டன். ரொம்ப வருஷமா இந்தக் கப்பல் பத்தி தேடித் தேடிப் படிச்சிட்டிருக்கேன். மெட்ராஸ்ல குண்டு போட்ட அந்த அரைமணி நேரம் மட்டும்தான் நமக்குத் தெரியும், மத்ததையும் கேளுங்க.

கேள்வி: அண்ணே, எம்டன் நீர்மூழ்கிக் கப்பலா? எங்க தாத்தா அப்படித்தான் சொல்வாரு.

இல்ல தம்பி, லைட் குரூசர், அதாவது தண்ணிக்கு மேல ஓடுற, வேகமான சின்னப் போர்க்கப்பல். அப்போ ஜெர்மனில இருந்த டான்சிக்ல கட்டி 1908 மே மாசம் தண்ணில இறக்கினாங்க, 1909 ஜூலைல கடற்படைல சேர்ந்துச்சு. 10.5 செ.மீ. பீரங்கி பத்து. 1910ல சீனால இருந்த ஜெர்மன் தளம் சிங்தாவுக்குக் கிளம்பிப் போச்சு, அப்புறம் சொந்த ஊருக்குத் திரும்பவே இல்ல.

கேள்வி: போருக்கு முன்னாடி என்ன பண்ணுச்சு?

1911 ஜனவரில பசிபிக்ல பொனாப்பே தீவுல சோக்கேஸ் மக்கள் ஜெர்மன்காரனை எதிர்த்துக் கிளம்பினப்போ அவங்களை அடக்கப் போன கப்பல்கள்ல இதுவும் ஒண்ணு. வெள்ளைக்காரனை அடிச்ச கப்பல்னு நாம கொண்டாடுறோம், ஆனா அந்தத் தீவு ஜனங்களுக்கு இதுவும் ஒரு வெள்ளைக்காரன் கப்பல்தான், அதை மறக்கக் கூடாதுன்னு நினைக்கிறேன்.

கேள்வி: மெட்ராஸ்ல நிஜமா என்ன நடந்துச்சு சார்?

1914 செப்டம்பர் 22, ராத்திரி ஒன்பதரை மணி வாக்குல. ஊர்ல விளக்கெல்லாம் எரியுது, கலங்கரை விளக்கமும் எரியுது, யாரும் எதிர்பார்க்கல. கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் துறைமுகத்துக்கிட்ட வந்து சர்ச்லைட் போட்டு பர்மா ஆயில் கம்பெனி டேங்குகளைக் குறி வச்சார். சுமார் 125 குண்டு. எண்ணெய் பத்திக்கிட்டு எரிஞ்சது, துறைமுகத்துல நின்ன சுப்ரா கப்பல்லயும் குண்டு பட்டுச்சு, ஆளுங்க செத்தாங்க. ஊரைத் தரைமட்டமாக்க வரல, பிரிட்டிஷ்காரனால உங்களைக் காப்பாத்த முடியலன்னு ஜனங்களுக்குக் காட்டத்தான் வந்தார், அது பலிச்சுது, சனம் மூட்டை முடிச்சோட ஊரைக் காலி பண்ணி ஓடுச்சு. இன்னைக்கும் கில்லாடியான ஆளை, கண்டிப்பான ஆளை "அவன் பெரிய எம்டன்டா"ங்கிறோமே, அது அந்த ராத்திரி தந்த வார்த்தை.

கேள்வி: செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பல்ல வந்தாராமே?

ஜெர்மனில இருந்துக்கிட்டு இந்திய விடுதலைக்குப் பாடுபட்டவர் அவர். எனக்கும் சின்ன வயசுல இப்படித்தான் சொல்லித் தந்தாங்க, கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அவர் அப்போ சூரிச்ல இருந்தார், 1914 அக்டோபர்ல பெர்லினுக்குப் போனார். கப்பலோ அந்த நேரம் நம்ம கடல்ல சுத்திட்டிருந்துச்சு. அவரோட பெர்லின் வேலையே பெரிய வேலை, கப்பல் கதையைச் சேர்த்துத்தான் அவரைப் பெரியவர் ஆக்கணும்னு இல்ல.

கேள்வி: தனி ஒரு கப்பல், பக்கத்துல ஜெர்மன் துறைமுகம் எதுவும் இல்ல, கரிக்கு என்ன செஞ்சாங்க?

இதுதான் நான் காத்திருந்த கேள்வி! நிலக்கரி எரிச்சாத்தான் அந்தக் கப்பல் ஓடும், எம்டனோட முழுக் கதையுமே கரிதான். முதல்ல மார்க்கோமானியான்னு ஒரு கரிக்கப்பல் கூடவே வந்துச்சு, அப்புறம் பிடிச்ச கப்பல்ல இருந்து எடுத்துக்கிட்டாங்க. பொன்டோபோரோஸ்னு ஒரு கிரேக்கக் கப்பல்ல கிடைச்சது நம்ம நாட்டுக் கரி, எரிச்சா கரும்புகை, தூரத்துலயே காட்டிக் கொடுத்துடும். புரெஸ்க்னு ஒரு பிரிட்டிஷ் கரிக்கப்பல் சிக்கினப்போதான் நல்ல வேல்ஸ் கரி கிடைச்சுது. அந்த வெயில்ல, ஆடுற கடல்ல ரெண்டு கப்பலையும் பக்கத்துல பக்கத்துல கட்டி மூட்டை மூட்டையா மாத்தணும், யோசிச்சுப் பாருங்க. வெறும் போலிப் புகைக்கூண்டு ஒண்ணு வச்சு, மூணை நாலாக்கி, பிரிட்டிஷ் கப்பல் மாதிரியே திரிஞ்சாங்க. பினாங்குக்குள்ளயும் அக்டோபர் 28 விடியக்காலைல அப்படித்தான் நுழைஞ்சு ரஷ்யாவோட ஜெம்சுக் குரூசரை மூழ்கடிச்சாங்க.

கேள்வி: எப்படி மாட்டுச்சு?

கரியாலதான். நவம்பர் 9, இந்தியப் பெருங்கடல்ல இருக்கிற கோகோஸ் தீவு. தந்தி நிலையத்தை உடைக்க கப்பலோட அதிகாரி ஃபான் முக்கே தலைமைல சுமார் 50 பேர் கரைக்குப் போயிட்டாங்க, அதுக்குள்ள நிலையத்து ஆளுங்க "தெரியாத கப்பல் வந்திருக்கு"ன்னு ஒயர்லெஸ்ல சொல்லிட்டாங்க. கரி போட வரச் சொன்ன புரெஸ்க்தான் வருதுன்னு தூரத்துப் புகையைப் பார்த்து நினைச்சாங்க, வந்தது ஆஸ்திரேலியாவோட சிட்னிங்கிற போர்க்கப்பல். அதுல 6 அங்குல பீரங்கி, இதுல 4 அங்குலம் சொச்சம். முதல் அடி எம்டன் அடிச்சதுதான், ஆனா தாக்குப் பிடிக்க முடியல, முல்லர் கப்பலை வடக்கு கீலிங் தீவுப் பாறைல ஏத்தி நிறுத்தினார், மிச்ச ஆளாவது பிழைக்கட்டும்னு. 130 பேருக்கு மேல போயிட்டாங்க.

கேள்வி: கரைக்குப் போனவங்க?

அயேஷான்னு ஒரு பழைய பாய்மரக் கப்பலை எடுத்துக்கிட்டு சுமத்ரா, அங்கிருந்து வேற கப்பல்ல அரேபியா, பாலைவனம், ரயில்னு 1915ல இஸ்தான்புல் போய்ச் சேர்ந்தாங்க. அதுக்குத் தனியா ஒரு நாள் வேணும்.

கேள்வி: இப்ப ஏதாவது பார்க்க முடியுமா?

சென்னை ஹைகோர்ட் காம்பவுண்டு சுவர்ல கல்வெட்டு இருக்கு. எம்டனோட பீரங்கி ஒண்ணு ஆஸ்திரேலியால சிட்னி நகரத்து ஹைட் பார்க்ல நிக்குது.