'டல்லி' படம் ஏன் என்னை ஏமாற்றியது? கேள்வி பதில்

குழந்தை பெற்ற பெண்களுக்கான மனநல வார்டில் பல வருஷமாக நர்ஸாக இருக்கிறேன். 2018-ல் வந்த 'டல்லி' என்ற அமெரிக்கப் படம் எனக்கு ஏமாற்றம் என்று சொன்னதும் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. முடிவைச் சொல்லாமல் பதில் எழுத முடியாது, பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: அக்கா, கதை என்ன?

மார்லோவுக்கு மூன்றாவது குழந்தை பிறக்கிறது. மகன் ஜோனாவைச் சமாளிக்கவே அவளுக்குப் பொழுது போதவில்லை. கூடப் பிறந்தவன் காசு கொடுத்து, ராத்திரியில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்துக்கொள் என்கிறான். டல்லி என்ற இளம்பெண் வருகிறாள், வீடே மாறுகிறது. கடைசியில் பார்த்தால் அப்படி ஒருத்தி வரவே இல்லை. டல்லி என்பது மார்லோவின் பிறந்த வீட்டுப் பெயர்.

கேள்வி: மார்லோவாக வரும் சார்லிஸ் தெரோன் நடிப்பை எல்லோரும் புகழ்கிறார்களே?

நானும் புகழ்கிறேன். இதற்காக 20 கிலோவுக்கு மேல் எடை கூட்டினார். சாப்பாட்டு மேஜையில் சட்டையில் கொட்டிவிட, மார்லோ பேசாமல் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருப்பாள், 'அம்மா, உன் உடம்புக்கு என்ன ஆச்சு?' என்று மகள் கேட்பாள். பச்சை உடம்புக்காரி எவளுக்கும் அந்தக் கேள்வி நெஞ்சில் தைக்கும். விடிய விடிய டயப்பர், பால், அழுகை என்று ஓடுகிற காட்சிகளிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கேள்வி: அப்புறம் எதில் ஏமாற்றம்?

டல்லி இல்லை என்று தெரிந்த பிறகு பின்னோக்கி யோசித்துப் பாருங்கள். ராத்திரியோடு ராத்திரியாக வீட்டைத் துடைத்தது யார்? மகனின் வகுப்புக்குக் கப்கேக் செய்தது யார்? எல்லாம் மார்லோதான், தூங்காமல், களைப்பே தெரியாமல். வார்டில் நாங்கள் பயப்படுவது இதற்குத்தான். இரண்டு ராத்திரி கண்ணை மூடாதவள் மூன்றாம் நாள் சோர்ந்து விழாமல் துறுதுறுவென்று வேலை செய்தால், கூடவே இல்லாத ஆளோடு பேசினால், அது போஸ்ட்பார்ட்டம் சைக்கோசிஸாக, அதாவது பிரசவத்துக்குப் பின் வரும் கடுமையான மனநோயாக இருக்கலாம். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வருகிறது, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள். தாய்க்கும் பிள்ளைக்கும் உயிராபத்து உண்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டிய அவசரம். படமோ இதைக் கதையின் திருப்பமாக வைத்துக்கொண்டது. காரோடு ஆற்றில் விழுந்து பிழைத்து வந்தவளைப் பற்றி டாக்டர் தூக்கமின்மை, அதீதக் களைப்பு என்கிறார், நோயின் பெயர் யார் வாயிலும் வரவில்லை. கடைசியில் கணவன் அடுப்படிக்கு வந்து பக்கத்தில் நின்று இயர்போனில் ஒன்றை வாங்கிக் காதில் வைத்துக்கொள்கிறான், படம் முடிந்துவிடுகிறது. அங்கேதான் எனக்கு ஆத்திரம் வந்தது. வெளியான சமயம் அமெரிக்காவிலேயே தாய்மாரின் மனநலத்துக்காக வேலை செய்கிறவர்கள் பலர் இதைக் கண்டித்தார்கள்.

கேள்வி: கைக்குழந்தை இருந்தால் யார்தான் தூங்குகிறோம் மேடம்? வித்தியாசம் எப்படித் தெரியும்?

குழந்தை தூங்கும்போது உங்களுக்குக் கண் சொருகுகிறதா? சொருகினால் அது களைப்பு. பிள்ளை தூங்கி, மாமியாரும் தூக்கிக்கொண்டு, படுக்கையும் தயாராக இருந்தும் தூக்கம் வரவில்லை என்றால் கவனியுங்கள். பிரசவம் ஆன சில நாளில் காரணமில்லாமல் அழுகை வந்து இரண்டு வாரத்தில் போய்விடுவது பெரும்பாலானவர்களுக்கு உண்டு. அதைத் தாண்டியும் நீடித்தால் மனச்சோர்வா என்று பார்க்க வேண்டும். அதற்கு எடின்பரோ அளவுகோல் என்று பத்தே கேள்விகள் உண்டு, 1987-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. பைபோலார் நோய் (அதீத உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வருவது) ஏற்கெனவே இருந்தவர்கள், முந்தைய பிரசவத்தில் சைக்கோசிஸ் வந்தவர்கள் கர்ப்பத்திலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் காத்து கருப்பு என்று மந்திரிக்கத்தான் கூட்டிப் போவார்கள்.

தெரியும் தங்கச்சி, திருநீறு பூசி முடி கயிறோடு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மந்திரித்ததற்காக நான் யாரையும் திட்டியதில்லை, மூன்று நாள் வீணாய்ப் போனதற்குத்தான் வருத்தப்பட்டிருக்கிறேன். மருந்துக்கு நன்றாகக் கேட்கிற நோய் இது. பெங்களூரு நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசு மனநல ஆஸ்பத்திரியில் தாயையும் சேயையும் பிரிக்காமல் வைத்துப் பார்க்கிற வார்டு 2009-லிருந்து இருக்கிறது.

கேள்வி: என் மனைவிக்குப் பிரசவமாகிப் பத்து நாள். சேர்ந்து இந்தப் படம் பார்க்கலாமா?

இப்போது வேண்டாம் தம்பி. ராத்திரி ஒரு வேளைப் பாலை நீங்கள் கொடுங்கள், எடுத்து வைத்த தாய்ப்பால் போதும், அவர் நாலைந்து மணி நேரம் ஒரே மூச்சில் தூங்கட்டும். தூக்கமே வரவில்லை, பேச்சு வித்தியாசமாக இருக்கிறது என்றால் தனியே விடாதீர்கள், அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். யாரிடமாவது கேட்க வேண்டும் என்றால் டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416, இலவசம், தமிழிலும் பேசுவார்கள்.