வேலூரில் மாலை நேர நடைச்சுற்றுப் போனால் பார்க்க என்ன இருக்கிறது? இரவு வாழ்க்கை உண்டா?

பெருநகரக் கொண்டாட்டத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். ஆனால் விவரம் தெரிந்த வழிகாட்டி ஒருவர் கூட வந்தால் நடை அலுக்காது.

வெளிச்சம் இருக்கும்போதே கோட்டையில் தொடங்குங்கள். அகழியை ஒட்டி நடந்து, ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களை நிதானமாகப் பாருங்கள். பல காலம் வழிபாடு நின்றுபோயிருந்த கோயில் இது. 1981-இல்தான் மறுபடி தொடங்கியது. 1806 ஜூலை 10 விடியுமுன் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததும் இதே கோட்டைக்குள்தான். கதையை அங்கேயே நின்று கேளுங்கள். மக்கான் சந்திப்பில் நினைவுத் தூண் உண்டு.

அப்புறம் சாப்பாடு. சிஎம்சி மருத்துவமனைப் பக்கம் வங்காளத்திலிருந்து சிகிச்சைக்கு வருபவர்கள் அதிகம். அதனால் அங்கே மீன்குழம்புச் சோறு போடும் வங்காள உணவகங்களும், வங்க எழுத்தில் பலகைகளும் இருக்கும். வேலூரின் உண்மையான இரவு வாழ்க்கை இதுதான் என்பேன். பிரியாணிதான் வேண்டும் என்றால், சரி, ஆம்பூருக்கு பஸ் பிடியுங்கள்.