பிறை பார்க்காத மாலுமி

அன்புள்ள ஐயா,

வரும் தை மாதம் என் தாத்தாவுக்குச் சதாபிஷேகம். பதினேழு வயதில் கடற்படையில் சேர்ந்து பதினைந்து வருஷம் கப்பலின் இன்ஜின் அறையில் வேலை பார்த்தவர். பிறகு ஊருக்கு வந்து மின்வாரியத்தில் சேர்ந்து ஓய்வு பெற்றார். நான்கு பிள்ளைகள், ஒன்பது பேரப்பிள்ளைகள். அவருடைய வாழ்க்கையைச் சிறு புத்தகமாகப் போட்டு விழாவில் கொடுக்க ஆசைப்படுகிறோம். எழுதும் பொறுப்பு என்னுடையது. கேட்டால் “சொல்ற மாதிரி ஒண்ணுமில்லம்மா” என்கிறார். 1971 போரின்போது அவர் கப்பல் பம்பாயில் பழுதுபார்ப்பில் நின்றிருந்ததாம். கராச்சியைத் தாக்கிய படகுகளில் அவரும் இருந்தார் என்று ஒரு வரி சேர்த்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்கிறார் மாமா. புத்தகத்தைச் சுவையாக எழுதுவது எப்படி? தமிழிலா, ஆங்கிலத்திலா? எத்தனை பக்கம் இருக்கலாம்?

வி., திருமங்கலம்

அன்புள்ள வி.,

எத்தனை பக்கம் என்பதை அச்சகத்தில் கேளுங்கள். எந்த மொழி என்றால், தாத்தா பாட்டியோடு எந்த மொழியில் சண்டை போடுகிறாரோ அந்த மொழி.

மாமா சொன்ன வரியைச் சேர்க்காதீர்கள். யாருக்கு நஷ்டம் என்று கேட்கிறாரே, உங்கள் தாத்தாவுக்குத்தான். எண்பது வயதில், சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னால், நீ வாழ்ந்தது போதாது, கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கிறோம் என்று அவர் கையில் அச்சடித்துக் கொடுக்கப்போகிறீர்கள். அவர் ஒன்றும் சொல்லமாட்டார். வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். அதை நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது.

கோபத்துக்குக் காரணம் உண்டு. என் பெரியப்பாவும் கடற்படைக்காரர். விக்ராந்த் கப்பலில் பாய்லர் அறை. எனக்குப் பதினைந்து வயதிருக்கும்போது, பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொள்வதற்காக, “பெரியப்பா, நீங்க போர்ல எத்தனை பேரைச் சுட்டீங்க?” என்று கேட்டேன். அவர் ஸ்டவ்வுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். “நான் துப்பாக்கியத் தொட்டதே டிரெய்னிங்லதான்டா” என்றார். எனக்கு முகம் விழுந்துவிட்டது. அதை அவர் பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு இருபது வருஷம் என்னிடம் கப்பலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பழுதுபார்ப்பில் நின்றது என்பதை ஏதோ குறை போல எழுதியிருக்கிறீர்கள். விக்ராந்தின் கதையைக் கேளுங்கள். 1970-ல் அதன் பாய்லர்களின் தண்ணீர் டிரம்களில் விரிசல் கண்டது. பற்றவைத்துச் சரிசெய்ய முடியாத விரிசல். புது டிரம் இங்கிலாந்திலிருந்து வரவேண்டும். பாய்லரைத் தொடக்கூடாது என்று உத்தரவு. அப்போது நாட்டுக்கு இருந்த ஒரே விமானந்தாங்கிக் கப்பல் மாதக்கணக்கில் பம்பாயில் சும்மா நின்றது. 1971 மார்ச்சில், புது டிரம் வராமலே, அழுத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு மறுபடி நெருப்பு மூட்டினார்கள். அதே கப்பல்தான் டிசம்பர் 4-ஆம் தேதி வங்காள விரிகுடாவில் நின்று, அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் காக்ஸ் பஜார்மீதும் சிட்டகாங்மீதும் சீ ஹாக் விமானங்களை ஏவியது.

இதில் பாய்லருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். எல்லாமே பாய்லரின் வேலைதான். காற்றை எதிர்த்து வேகமாக ஓடினால்தான் கப்பலின் தளத்திலிருந்து விமானம் எழும்ப முடியும். அந்த வேகம் நீராவி. விமானத்தைக் கவண்கல் மாதிரி முன்னால் வீசுகிற கேட்டபுல்ட் இருக்கிறதே, அதுவும் நீராவி. விரிசல் விட்ட பாய்லருக்குப் பக்கத்தில் நான்கு நான்கு மணி நேரமாக நின்று, அழுத்தம் ஏறாமலும் இறங்காமலும் பார்த்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். வெடித்தால் முதலில் போவது அவர்கள். மேலே விமானி திரும்பி வந்தபோது கைதட்டல் கேட்டதாம். கீழே யாருக்கும் கேட்காது. பாய்லர் அறையில் எதுவும் கேட்காது. பெரியப்பாவுக்குக் கடைசிவரை வலது காது மந்தம்.

டிசம்பர் 9 இரவு, குஜராத் பக்கம் டியூவுக்கு அப்பால், நம் கடற்படையின் குக்ரி கப்பல் மூழ்கியது. கப்பலோடு போன கேப்டன் முல்லாவின் பெயர் எல்லோருக்கும் தெரியும், தெரியத்தான் வேண்டும். அன்றைக்கு 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள். அந்த 176 பேரில் ஒரு பெயரை என்னால் சொல்ல முடியவில்லை. உங்களால் முடியுமா? உங்கள் தாத்தா அந்த வரிசைக்காரர். தப்பிப் பிழைத்து வந்து, மீட்டர் கணக்குப் பார்த்து, நான்கு பிள்ளைகளைக் கரையேற்றியவர். அவருக்குப் போய்க் கராச்சியைக் கடன் வாங்குகிறீர்கள்!

பெரியப்பா மறுபடி வாய் திறந்தது எப்படி என்று சொல்கிறேன். அப்போது அவர் சர்க்கரை ஆலையில் பாய்லர் அட்டெண்டண்டாக இருந்து ஓய்வு பெற்றிருந்தார். ஒருநாள் எங்கள் வீட்டில் குக்கர் சரியாக விசில் அடிக்கவில்லை. மூடியோரம் எங்கோ ஆவி போகிறது என்று குனிந்து கையால் தடவப் போனேன். “கைய எடு!” என்று கத்தினார். வீடே அதிர்ந்தது. மூலையில் கிடந்த விளக்குமாற்றை எடுத்துவந்தார். “அதிக அழுத்தத்துல வர்ற ஆவி கண்ணுக்குத் தெரியாதுடா. வெள்ளையாத் தெரியறது ஆறின ஆவி. குழாய் எங்க ஒழுகுதுன்னு பாக்கக் கைய நீட்டினா கை இருக்காது. இப்படித்தான் போவோம்” என்று விளக்குமாற்றுக் கட்டையை முன்னால் நீட்டி, கூடத்தில் அடிமேல் அடிவைத்து நடந்து காட்டினார். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, கட்டையை அசைத்துக்கொண்டே. கட்டை சட்டென்று அறுபட்டால் அங்கே ஒழுக்கு. எழுபது வயது மனிதர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இல்லாத குழாய்களுக்கு நடுவே தலையைக் குனிந்து குனிந்து போனார். அன்று ராத்திரி இரண்டு மணிவரை பேசினார்.

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “அப்புறம் என்ன செய்வீங்க?”

ஆகவே தாத்தாவிடம் போரைப் பற்றிக் கேட்காதீர்கள். கையைப் பற்றிக் கேளுங்கள். வாட்ச், அதாவது நான்கு மணி நேர முறைவேலை, ஏறினதும் முதலில் எதைத் தொடுவார்? வால்வு எந்தப் பக்கம் திரும்பும்? பழுதுபார்ப்பில் எதைக் கழற்றினார்கள், எதைப் போட்டார்கள்? எந்தச் சத்தம் வந்தால் பயம்? நடுராத்திரி பன்னிரண்டிலிருந்து நான்குவரை மிடில் வாட்ச் நின்றுவிட்டு வந்து என்ன சாப்பிட்டார்? அவர் சொல்லும் வார்த்தையை அப்படியே எழுதுங்கள். வாட்ச் என்றால் வாட்ச். அதைக் ‘காவல் பணி’ என்று மாற்றி அவர் வாயிலிருந்து பிடுங்காதீர்கள்.

ஆயிரம் பிறை கண்டவருக்குச் சதாபிஷேகம் என்கிறோம். பதினைந்து வருஷம் கப்பலின் அடிவயிற்றில் நின்றவர் அதில் எத்தனை பிறையைக் கண்டார்? அந்தப் பிறைகளையும் சேர்த்துப் பார்த்தவர் உங்கள் வீட்டில் ஒருவர் இருக்கிறார். உங்கள் கடிதத்தில் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் எண்ணிக்கை இருக்கிறது. பாட்டி ஒரு வார்த்தையில்கூட இல்லை.

1971 டிசம்பரில் என் பெரியம்மாவுக்குப் பெரியப்பா எந்தக் கடலில் இருக்கிறார் என்று தெரியாது. விலாசத்தில் கப்பல் பெயரும் ‘ஃப்ளீட் மெயில் ஆபீஸ்’ என்பதும்தான் இருக்கும், கப்பல் நிற்கிற இடம் இருக்காது. கப்பல் மூழ்கியது என்று ரேடியோவில் கேட்டபோது கைக்குழந்தைக்கு மருந்து புகட்டிக்கொண்டிருந்தாராம். குக்ரி என்ற பெயர் சரியாகக் காதில் விழவில்லை. அடுத்த வீட்டு வாத்தியார் வந்து அது வேறே கப்பல் என்று சொல்லும்வரை மருந்துச் சங்கைக் கீழே வைக்கவில்லை. பெரியப்பா கையெழுத்தில் இன்லண்ட் லெட்டர் வந்தது பொங்கலுக்கு அப்புறம். கிழக்குப் போர்முனையில் இருந்ததற்காக அவருக்குக் கிடைத்த பூர்வி ஸ்டார் மெடலைப் பெரியம்மா ஊசிநூல் டப்பாவில்தான் வைத்திருந்தார். தினமும் திறக்கிற டப்பா அது.

ஊருக்குத் திரும்பிய முதல் வருஷம் முழுக்கப் பெரியப்பா ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எழுந்து திண்ணையில் போய் உட்கார்ந்துவிடுவார். பெரியம்மாவும் எழுந்து போய்ப் பக்கத்தில் உட்காருவார். பேச்சு கிடையாது. நான்கு மணிக்கு இருவரும் உள்ளே வந்து படுப்பார்கள். பெரியம்மா இதைச் சொன்னது பெரியப்பா போன பிறகுதான். பெரியப்பாவிடம் கேட்டு வாங்க எனக்கு வாய்க்கவில்லை.

தைக்கு இன்னும் நாள் இருக்கிறது. இரண்டு பேரையும் தனித்தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள், ஒருவர் சொல்வதில் மற்றவர் குறுக்கே வரவேண்டாம். எழுதியதை எனக்கு அனுப்பினால் கட்டாயம் படிக்கிறேன். பாட்டி சொன்னதை முதலில் அனுப்புங்கள்.