மேஜரில் ஒரு துக்கப் பாட்டு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பெரிய வெள்ளி ஆராதனையில் இசையமைப்பாளர் ஹேண்டலின் 'மேசியா' இசைப்படைப்பிலிருந்து 'ஹி வாஸ் டிஸ்பைஸ்ட்' பாடப்போகிறோம், ஆல்டோ (பெண்களின் தாழ்ந்த குரல்) சோலோ எனக்கு. கொயர் மாஸ்டர் மிக மெதுவாகப் பாடச் சொல்கிறார், மூச்சு போதவில்லை. நேரம் ஆகிறது என்று நடுப்பகுதியை வெட்டிவிடலாம் என்கிறார்கள். அதோடு, மேஜர் ஸ்கேலில் இருப்பது எப்படித் துக்கப் பாட்டாகும் என்று கொயரிலேயே ஒருவர் கேட்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
(வாசகி, காட்பாடி)

பதில்: சகோதரி, முதலில் வெட்டும் பேச்சை நிறுத்துங்கள். நடுப்பகுதி போனால் பாட்டின் உயிரே போய்விடும்.

ஏன் என்று சொல்கிறேன். பாட்டு ஈ ஃப்ளாட் மேஜர், வேகம் லார்கோ, அதாவது மிக நிதானம். ஏசாயா 53-ஆம் அதிகாரத்தின் வசனம், அசட்டைபண்ணப்பட்டவர், புறக்கணிக்கப்பட்டவர் என்று வருகிறதே, அதுதான். மைனர் என்றால் அழுகை, மேஜர் என்றால் சந்தோஷம் என்று நமக்குச் சின்ன வயதில் கீபோர்டு வகுப்பில் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள், ஹேண்டல் அப்படி எழுதவில்லை. இந்தப் பாட்டின் துக்கம் ஸ்கேலில் இல்லை, இடைவெளிகளில் இருக்கிறது. நீங்கள் ஒரு சொல்லைப் பாடி நிறுத்துகிறீர்கள், வயலின்கள் ஒரு பெருமூச்சு மாதிரி பதில் சொல்கின்றன, மறுபடி ஒரு சொல், மறுபடி நிறுத்தம். சில இடங்களில் துணை வாத்தியமே இல்லாமல் உங்கள் குரல் மட்டும் தனியாக நிற்கும். எல்லோரும் கைவிட்ட ஒருவரைப் பற்றிப் பாடும்போது பாடுகிறவரையே தனியாக விட்டுவிடுகிறார் ஹேண்டல்! அந்த மௌனங்களை அவசரப்பட்டு நிரப்பாதீர்கள், கீபோர்டு வாசிப்பவரும் அங்கே கோர்டை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களை) பிடித்துக்கொண்டே இருக்கக் கூடாது.

அப்புறம் அந்த நடுப்பகுதி. அடிக்கிறவர்களுக்குத் தன் முதுகைக் கொடுத்தார் என்ற வசனம் வரும்போது பாட்டு சி மைனருக்குத் திரும்புகிறது, அதுவரை பெருமூச்சு விட்ட வயலின்கள் சவுக்கடி போல வெட்டி வெட்டி விடாமல் அடிக்கின்றன. அது முடிந்ததும் முதல் பகுதி மறுபடி வருகிறது, அதே மேஜர், அதே அமைதி. ஆனால் அடியைக் கேட்டுவிட்டு வந்த காதுக்கு அந்த அமைதி இப்போது தாங்க முடியாததாக இருக்கும். பாட்டு மனதை உடைப்பது முதல் தடவையில் இல்லை, இந்தத் திரும்பி வருவதில்தான். நடுப்பகுதியை எடுத்துவிட்டால் திரும்பி வர எதுவும் இல்லை, மெதுவான ஒரு மேஜர் பாட்டு மட்டும் மிஞ்சும், உங்கள் நண்பர் கேட்கும் கேள்வியும் நியாயமாகிவிடும். பத்து நிமிடம் ஆகும்தான். பெரிய வெள்ளி அன்று வேலூர் வெயிலில் மூன்று மணி நேரம் உட்காருகிற சபைக்குப் பத்து நிமிடம் பெரிதில்லை, வேறு ஏதாவது ஒரு பாட்டைக் குறைக்கச் சொல்லுங்கள்.

வேகத்துக்கு வருவோம். மெயில்ஸெல் என்பவர் மெட்ரோனோமுக்கு, அதாவது வேகத்தை எண்ணால் காட்டும் தாளக் கருவிக்கு, காப்புரிமை வாங்கியது 1815-ல், 'மேசியா' எழுதப்பட்டது 1741-ல், அதனால் ஹேண்டல் விட்டுப்போனது லார்கோ என்ற ஒரு சொல்தான், எண் கிடையாது. உங்கள் மூச்சு அறுந்துபோகிற வேகம் லார்கோ ஆகாது. அந்த வசனத்தை ஆராதனையில் வேதபாடம் வாசிப்பது போல நிதானமாகச் சத்தமாக வாசித்துப் பாருங்கள், அந்த நடைதான் வேகம். எண்ணாகவே வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 40 முதல் 46 க்ராட்செட் (ஒரு அடி) வரை வைத்துத் தொடங்குங்கள். கோட்டைக்குள் இருக்கிற செயின்ட் ஜான்ஸ் மாதிரி பழைய கட்டடத்தில் பாடுவதும் மின்விசிறி இரையும் ஹாலில் பாடுவதும் ஒன்றல்ல, எதிரொலி நீடித்தால் நிறுத்தங்கள் தானாகவே நிறைந்துவிடும், எதிரொலி இல்லாத இடத்தில் கொஞ்சம் முன்னே நகர்த்துங்கள்.

1742 ஏப்ரலில் டப்ளினில் இதை முதலில் பாடிய சூசன்னா சிப்பர் பெரிய குரல் கொண்டவர் அல்ல, நாடக நடிகை. சொல்லின் பொருளை உணர்ந்து பாடியே கூட்டத்தைக் கலங்க வைத்தார் என்கிறார்கள். உங்களுக்கும் அது போதும், குரல் பெரிதாக இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். (அந்த நிகழ்ச்சியின் வசூல் கடனுக்காகச் சிறையில் கிடந்தவர்களுக்கும் இரண்டு மருத்துவமனைகளுக்கும் போனது. ஆஸ்பத்திரி ஊரான நமக்கு அது பிடித்த சேதிதானே.)

கேள்வி: நான் கர்நாடக சங்கீதம் கேட்பவன். மேஜரிலிருந்து மைனருக்குப் போவது என்பதை நம் கணக்கில் எப்படிப் புரிந்துகொள்வது?
(வாசகர், ஆரணி)

பதில்: மேலே சொன்ன பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஈ ஃப்ளாட் என்பது இரண்டரைக் கட்டை ஸ்ருதி, மேஜர் என்பது சங்கராபரணத்தின் ஸ்வரங்கள். அந்தச் சங்கராபரணத்தின் தைவதத்தை ஷட்ஜமாக வைத்தால் நடபைரவி வரும், ஆதார ஸ்வரத்தை இப்படி மாற்றுவதுதான் கிரக பேதம். இரண்டரைக் கட்டைக்குத் தைவதம் ஒரு கட்டை ஸ்வரம், அதாவது சி. ஹேண்டல் போகிற சி மைனர் அதேதான். ஸ்வரங்கள் ஏறக்குறைய அவையே, நிற்கிற இடம் மாறுகிறது. நம் கச்சேரியில் தம்புரா ஷட்ஜமத்தை விடாது, அங்கே ஆதாரமே நகர்கிறது, அந்த நகர்வில்தான் அவர்களுக்கு உணர்ச்சி பிறக்கிறது.

கேள்வி: கீபோர்டில் ட்ரான்ஸ்போஸ் பட்டனை அழுத்தி ஸ்ருதியைக் குறைத்துப் பாடுவது தவறா?
(வாசகர், குடியாத்தம்)

பதில்: தவறே இல்லை. ஹேண்டலே பாடகர் மாறும்போது ஸ்ருதியை மாற்றி எழுதிக் கொடுத்திருக்கிறார். அவருடையது என்று சொல்லப்படும் ட்யூனிங் ஃபோர்க்கில் (ஸ்ருதி பார்க்கும் கவையில்) 'ஏ' ஸ்வரம் நொடிக்கு 422.5 அதிர்வு, இன்றைய கீபோர்டில் 440, ஆகவே அரை ஸ்வரம் குறைத்தால் அவர் கேட்டதற்குப் பக்கத்தில்தான் போகிறீர்கள். ஒன்றே ஒன்று, ஒத்திகையிலேயே குறைத்துப் பழகுங்கள், ஆராதனை அன்று காலையில் வேண்டாம்.