கம்பெனியின் கணக்கை ஊழியர்களிடம் சொன்னால் வேலை மேம்படுமா?

மேம்படும். ஆனால் நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டுப் போனால் போதாது. படிக்கச் சொல்லித்தர வேண்டும், லாபத்தில் பங்கும் தர வேண்டும்.

அமெரிக்காவின் மிசோரியில் ஸ்பிரிங்ஃபீல்டு ரீமேனுஃபேக்சரிங் என்றொரு கம்பெனி. பழைய எஞ்சின்களைப் பிரித்துப் புதுப்பிக்கிறவர்கள். 1983-ல் தாய் நிறுவனமான இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் தள்ளாடியபோது ஜாக் ஸ்டாக்கும் சக மேலாளர்களும் அதை வாங்கினார்கள். கைக்காசு 1 லட்சம் டாலர், கடன் 89 லட்சம் டாலர். அந்த நெருக்கடியை ஒளிக்காமல், எஞ்சின் கழற்றுகிறவர் வரை எல்லோருக்கும் லாப நட்டக் கணக்கும் ஐந்தொகையும் (பேலன்ஸ் ஷீட்) படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். போனஸ் அதே எண்களைப் பொறுத்துத்தான், கம்பெனிப் பங்குகளும் உண்டு. 1986 கடைசியில் ஜெனரல் மோட்டார்ஸ் 5,000 எஞ்சின் ஆர்டரை ரத்து செய்தது; அது அடுத்த ஆண்டு வேலையில் சுமார் 40 சதவீதம். ஸ்டாக் அதையும் ஊழியர்களிடமே கொண்டுபோனார். புது வேலைகளைத் தேடிப் பிடித்து, ஆட்குறைப்பே இல்லாமல் சமாளித்தார்கள்.

நான் இருப்பது கோவையில் பம்ப் உதிரிபாகங்களை லேத்தில் கடைந்து தரும் சிறு பட்டறையில். கெட்டுப்போகும் ஒவ்வொரு பீஸுக்கும் வார்ப்புக்கு எவ்வளவு, மெஷின் நேரத்துக்கு எவ்வளவு என்று போர்டில் எழுத ஆரம்பித்தோம். லேத்தில் நிற்கும் தம்பி ஒருநாள் கேட்டார்: "அண்ணே, வார்ப்புல ஓட்டை இருக்கறது முதல் கட்டிங்லயே தெரியுதே, அப்புறம் எதுக்கு கடைசி வரைக்கும் ஓட்டறோம்?" அதுவரை அந்தப் பீஸ்கள் துளை போட்டு முடித்து இன்ஸ்பெக்ஷனில்தான் கழிந்தன. இப்போது முதல் கட்டிங்கிலேயே ஒதுக்கிவிடுகிறார். நேரத்தின் விலை தெரியாதவரை அவருக்கு அந்தக் கேள்வி வர வழியே இல்லை.

மறைத்தால் என்ன ஆகும் என்பதை முன்பு வேலை பார்த்த இடத்தில் பார்த்தேன். வருஷம் முழுக்க வாய் திறக்க மாட்டார்கள். தீபாவளி நெருங்கியதும் "நஷ்டம், சட்டப்படி 8.33 சதவீதம்தான் போனஸ்" என்பார்கள். நஷ்டம் உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் தொழிலாளி பார்த்தது தினமும் லோடு ஏறிப் போன லாரியைத்தான். அந்தச் சரக்குக்குப் பணம் வர மூன்று மாதம் ஆகும், அதுவரை பேங்க் வட்டி ஓடும் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. எப்படி நம்புவார்? தீபாவளி முடிந்தும் மாதக்கணக்கில் வேலையில் சுணக்கம்தான்.

அடுத்தவர் சம்பளமும் வாடிக்கையாளரின் வரைபடமும் பொதுவில் வேண்டாம். சரி, எங்கே தொடங்குவது என்றால் ரிஜெக்ஷன் செலவிலிருந்து, அதாவது கெட்டுப்போன பீஸ்களுக்கு ஆகும் செலவிலிருந்து, தொடங்குங்கள். ஊழியர் தன் கையாலேயே குறைக்கக்கூடிய எண் அது.