ஒரு சிறு தொழிலின் மார்க்கெட்டிங் எந்த அளவுக்கு முதிர்ந்திருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஃபாலோயர் எண்ணிக்கையை வைத்து இதை அளக்க முடியாது. நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: கடைசியாக வந்த 10 புது வாடிக்கையாளர்கள் எந்த வழியாக வந்தார்கள்?

‘யாராவது சொல்லியிருப்பார்கள்’ என்று பதில் வந்தால் ஆரம்ப நிலை. ஒரு நோட்டில் பெயருக்கு எதிரே ‘கூகுள் மேப்’, ‘பழைய வாடிக்கையாளர் சொன்னது’ என்று எழுதி வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. நோட்டே போதும், சாஃப்ட்வேர் எல்லாம் வேண்டாம்.

அந்தக் குறிப்பைப் பார்த்து எந்த விளம்பரத்தையாவது நிறுத்தியிருக்கிறார்களா? இங்கேதான் பலர் மாட்டுவார்கள். 1,000 செலவில் 4 பேர் வந்தால் தலைக்கு 250. அவர்களில் எத்தனை பேர் திரும்ப வந்தார்கள் என்பதும் தெரிந்தால் நல்ல முதிர்ச்சி.

அப்புறம், முதலாளி இரண்டு வாரம் லீவு போட்டால் எல்லாம் நின்றுவிடுமா? நிற்கும் என்றால் ஒரு படி குறைத்தே மதிப்பிடுவேன்.